கரண்ட் போன நேரத்தில் சொன்னது

நம் வயதை எட்டிவிட்டால் பிள்ளைகள் நம்மிடம் இரண்டு வாக்கியம்தான் பேசுகிறார்கள். ஒன்று, "சித்த உக்காரும்மா." இன்னொன்று, "மெல்லப் பேசும்மா." உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். என்னால் இரண்டுமே ஆவதில்லை. சேலத்தில் மகளின் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போனபின் அந்த வீட்டில் ஒரு அமைதி வரும் பாருங்கள், எனக்குக் கைகால் ஓடாது. போன வாரம் துவைத்த ஜன்னல் திரைகளை மறுபடி மெஷினில் போட்டு ஓடவிடுவேன். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடப்பேன். ரேடியோவைப் போடுவேன், அணைப்பேன். "உனக்கு என்னதாம்மா பிரச்சனை?" என்று மகள் கேட்கிறாள். பிரச்சனை ஒன்றுமில்லை, நான் நான்கு தறி ஓடுகிற வீட்டில் பிறந்தவள். இதைச் சொன்னால் அவளுக்கு விளங்காது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எடப்பாடிப் பக்கம் எங்கள் வீடு. வீடு என்றால் முன்னால் ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கூடத்தை ஒட்டி, நடுவில் கதவுகூட இல்லாமல், தறிப்பட்டறை. காலை ஆறு மணிக்கு அப்பா மெயின் சுவிட்சை ஏற்றினால் நான்கு விசைத்தறியும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். சமையல்கட்டில் தம்ளருக்குள் இருக்கும் தண்ணீர் ஆடும். சோற்றில் பஞ்சு விழும், தலைமுடியில் பஞ்சு, புத்தகத்தில் பஞ்சு. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அக்கா பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் தாலாட்டே அந்தச் சத்தம்தான்.

அப்படிப்பட்ட வீட்டில் எப்படிப் பேசுவது? இரண்டு வழி. பக்கத்தில் வந்து கத்தலாம். தூரத்தில் இருந்தால் முகத்துக்கு நேராக நின்று, சத்தமே இல்லாமல், வாயை மட்டும் நன்றாக அசைத்துச் சொல்லலாம். நாலாவது தறியில் நிற்கும் அம்மா முதல் தறியில் நிற்கும் அப்பாவிடம், இன்றைக்குப் புளிக்குழம்பா ரசமா என்று வாயை மட்டும் அசைத்துக் கேட்பாள். அப்பாவும் அங்கிருந்தே ரசம் என்பார். எங்கள் நால்வருக்குமே உதட்டைப் படிக்க வரும். யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. தறிவீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்குமே வருவதுதான்.

அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்றால் வேறு மாதிரி. உங்கள் வீடுகளில் ரகசியம் சொல்லக் குரலைத் தாழ்த்துவீர்கள். எங்கள் வீட்டில் வாயை மறைக்க வேண்டும். அம்மா சேலைத் தலைப்பை உதட்டுக்கு நேராகப் பிடித்தாள் என்றால் எதிரே நிற்பவளிடம் எங்களைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறாள் என்று அர்த்தம். குரலைத் தாழ்த்துவது என்ற வித்தை எங்களில் யாருக்குமே வராது. ஒருமுறை பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அம்மா பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சின்னவன் நெசமாவே அழுகறானா, இல்ல தோள்ல துண்டு கெடக்குதுன்னு தொடச்சுக்கறானா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் ரகசியம் கேட்டாள். பந்தலில் இருந்த பறைக்காரர்களே ஒரு நிமிடம் அடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அதே கதை. அரையாண்டுப் பரீட்சையில் பக்கத்துப் பெண்ணுக்குக் காவிரி எங்கே உற்பத்தியாகிறது என்று நான் ரகசியமாகச் சொல்லிக்கொடுத்ததை அடுத்த வகுப்பு வாத்தியார் கேட்டுவிட்டு வந்தார்.

எங்கே விட்டேன்? நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். ஆமாம்.

அந்த வருஷம் மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்கிவிட்டது. பண்ணவாடியில் அணைக்குள் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி தெரிகிறது என்று ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு பார்க்கப் போனார்கள். தண்ணீர் இல்லையென்றால் கரண்டும் இல்லை. பங்குனியில் முறை வைத்தார்கள். காலை பத்திலிருந்து ஒன்று வரைக்கும், மறுபடி மூன்றிலிருந்து ஐந்து வரைக்கும் கரண்ட் கிடையாது. அரசாங்கம் அறிவித்தது அவ்வளவுதான். மற்ற நேரமும் மின்வாரியக்காரர்கள் இஷ்டத்துக்குப் போகும்.

முதல் நாள் பத்து மணிக்குக் கரண்ட் போனபோது அம்மா பட்டறையின் ஒரு மூலையில் நின்று, எதிர் மூலையில் இருந்த அப்பாவிடம் கத்திக்கொண்டிருந்தாள். "எதுத்த ஊட்டுக்காரி நம்ம கருவேப்பிலைய தெனமும் வந்து மொட்டையடிக்கறாளுங்க, வெக்கங்கெட்ட..." அந்த இடத்தில் நான்கு தறியும் நின்றன. "வெக்கங்கெட்ட" மட்டும் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரி கையில் கொத்தோடு எங்கள் வாசலில் நின்றிருந்தாள். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதே சத்தத்தில், "...செடி அது, எத்தன ஒடிச்சாலும் தழையுது! இன்னும் ரெண்டு கொத்து ஒடிச்சுட்டுப் போ சாமி!" என்றாள்.

சிரிக்கிறீர்கள். நாங்களும் இரண்டு நாள் சிரித்தோம். மூன்றாம் நாளிலிருந்து யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சத்தம் நின்றுபோன வீட்டில் எங்களுக்கு இருக்கத் தெரியவில்லை. பல்லி கத்துவது கேட்டது. அக்கா கம்மல் திருகைத் திருகுவது கேட்டது. வெயில் வேறு. அம்மா துடைத்த பாத்திரத்தையே துடைத்தாள். நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நூறு நடை நடந்தேன். "ஒரு எடத்துல கம்முனு இரேன்டி" என்று அம்மா என்னைத் திட்டினாள். அவளும் நடந்துகொண்டேதான் திட்டினாள்.

எல்லாரையும்விட அப்பாதான் நிலைகொள்ளாமல் தவித்தார். தறி ஓடும்போது அவ்வளவு பேசுவார். கரண்ட் போனால் வாயே திறக்க மாட்டார். எழுந்து பட்டறைக்குள் போய், நின்ற தறிக்கு எண்ணெய் விடுவார். விட்ட தறிக்கே மறுபடி விடுவார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு வந்தால் ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் தாவித் தாவிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். தறி நிற்கிற கவலை என்று அம்மா சொன்னாள். டீக்கடையில் வேறு பேச்சு. "நாலு தறி போட்டதும் நாம பேசறது அவருக்குக் காதுல ஏறுமா?" என்பார்களாம். கூப்பிட்டால் திரும்பாமல் போகிறாராம். தலைக்கனமாம்.

தறியைத் தொட்டே நோய் சொல்லும் கைராசிக்காரர் என்றும் அப்பாவுக்கு ஊரில் பெயர் இருந்தது. மற்றவர்கள் தறியின் சத்தம் மாறினால் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். அப்பா உள்ளங்கையைச் சட்டத்தின் மேல் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "இந்தப் பக்கத்து போல்ட் லூசு" என்பார். சரியாக இருக்கும். எங்களுக்குப் பெருமை தாங்காது.

பிள்ளைகளாகிய எங்களுக்கு அவரிடம் இன்னொரு லாபமும் இருந்தது. அவர் வேலையாகக் குனிந்திருக்கும்போது பக்கவாட்டில் நின்று எதைக் கேட்டாலும் தலையாட்டுவார். "அப்பா, சினிமாவுக்குப் போயிட்டு வரட்டுங்களா?" தலையாட்டுவார். "அப்பா, எடப்பாடிச் சந்தைக்கு?" தலையாட்டுவார். முன்னால் போய்க் கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். ஆகையால் முன்னால் போய்க் கேட்கக் கூடாது என்று அக்காவும் நானும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொள்வோம்.

அம்மாவுக்கு உறவில் வாயாடி என்று பெயர். அப்பாவிடம் யார் எதைக் கேட்டாலும் அவள்தான் பதில் சொல்வாள். "உங்களத்தான் கேக்கறாங்க, கெணத்துல தண்ணி எவ்வளவுன்னு" என்று அப்பா முன்னால் வந்து நின்று, கேட்ட கேள்வியையே திருப்பி ஒருமுறை கேட்பாள். அந்த வீட்டில் ஆம்பளைக்குப் பேசவே இடமில்லை என்று அத்தை சொல்வாள்.

இந்த அத்தை அப்பாவின் அக்கா. மேட்டூரில் கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்தாள். எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை, சாறு தெறிக்காமல் இருக்க வாய்க்கு முன்னால் ஒரு கை. அவள்தான் சித்திரைத் தொடக்கத்தில் அக்காவுக்கு ஒரு இடம் கொண்டுவந்தாள். நாமக்கல் பக்கம் தோட்டம், தென்னை, வற்றாத கிணறு. பையன் லாரி வைத்திருந்தான். பெண் படித்ததெல்லாம் போதும், வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்னார்கள்.

"என்ன தம்பி, பேசி முடிச்சரலாமா?" என்று அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள். அப்பா அவள் முகத்தையே பார்த்தார். தலையாட்டினார். அத்தை என்ன சொன்னாலும் அன்றைக்கு அவர் தலையாட்டினார்.

அக்கா விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவளுக்கு வேறு யார்மேலும் ஆசையெல்லாம் கிடையாது. அந்தப் பையனைப் பார்த்ததும் இல்லை. வாத்தியார் பயிற்சியில் சேர வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பத்தைக்கூட நிரப்பி ராகிமாவு டின்னுக்கு அடியில் வைத்திருந்தாள். அதில் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் எதைத் திறந்து பார்க்கக் கூடாதோ அதைத் திறந்து பார்ப்பதுதான் எனக்கு அந்தக் கோடை முழுக்க வேலை.

ஒருநாள் கரண்ட் போயிருந்த நேரம். இந்த நேரத்தில் சொன்னால் கத்த வேண்டியதில்லை, தெருவுக்குக் கேட்காது என்று அக்கா நினைத்திருக்க வேண்டும். அப்பா இரண்டாவது தறியில் அறுந்த இழைகளைக் குனிந்து முடிந்துகொண்டிருந்தார். நான் பட்டறை மூலையில் நூல்கண்டுகளைக் கலைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுத்த தறிக்குக் கீழே பெருக்கிக்கொண்டிருந்தாள். அக்கா வந்து அப்பாவின் தோளுக்குப் பின்னால் நின்றாள். அந்தக் காலத்துப் பெண்கள் தகப்பன் முகத்தைப் பார்த்துக் கல்யாணப் பேச்சு பேசுவதில்லை. தாவணியின் நுனியைக் கடித்துக்கொண்டு அழுதபடியே சொன்னாள்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்கப்பா. நான் ட்ரெயினிங் சேர்றேன். ரெண்டே வருசம். அப்புறம் நீங்க சொன்னபடி கேக்கறேன்."

அவ்வளவு மெதுவாக அக்கா பேசி நான் கேட்டதே இல்லை. அப்பா அவளுடைய நிழலைப் பார்த்தார். திரும்பி அரைப் பார்வை பார்த்தார். தலையாட்டினார். மறுபடி இழையை முடியத் தொடங்கினார். அம்மாவின் விளக்குமாறு ஒரு நொடி நின்று, பிறகு ஓடியது.

அன்றைக்கு அக்கா குதித்த குதி இருக்கிறதே! என்னைத் தூக்கிச் சுற்றினாள். தன் ரப்பர் வளையல் இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டாள்.

நான்காம் நாள் அத்தை வந்து, வைகாசி முதல் முகூர்த்தத்தில் வெற்றிலைபாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாகச் சொன்னாள். அப்பா கடைக்குப் போய் ஒறம்பரைக்கு, அதாவது வருகிற விருந்தாளிகளுக்கு, உட்காரப் புதுப்பாய் வாங்கிவந்தார். அக்கா அந்தப் பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். "தலையாட்டிட்டு ஏமாத்திட்டாரு பாத்தியா. கல்லுடி அவரு, கல்லு" என்று என்னிடம் சொன்னாள். நானும் கல் என்றே முடிவு செய்துவிட்டேன். அவர் என் தலையைத் தடவ வந்தால் நகர்ந்துகொண்டேன். அவர் காரணம் தெரியாமல் தன் கையையே பார்த்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இப்போது நான் கீழே தள்ளிய கதை. பித்தளை அண்டாவின் மூடியைச் சொல்கிறேன்.

மதியம், கரண்ட் இல்லை. பரணில் வெல்லம் ஒளித்து வைத்திருந்தார்கள். கீழே கூடத்தில் அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து நாடாவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நாடா என்றால் தறியில் நூலை இழுத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டை. நான் பூனை மாதிரி ஏறி, வெல்லப் பானைக்குக் கையை நீட்டும்போது அண்டா மூடி சரிந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்து, எகிறி, சுற்றிச் சுற்றி அடங்கியது. எதிர்வீட்டுக்காரி ஓடிவந்தாள். தெருவில் போன தயிர்க்காரர் எட்டிப் பார்த்தார். அப்பாவுக்கும் மூடிக்கும் நடுவில் நாலு முழம்கூட இல்லை. அவர் திரும்பவில்லை. நாடாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி ஒரு சொட்டு எண்ணெய் விட்டார்.

அடி விழவில்லையே என்று சந்தோஷப்பட்டு இறங்கினேன். இரண்டு அடி நடந்தவள் நின்று திரும்பிப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் போய் நின்றேன். "அப்பா" என்றேன். கத்தி, "அப்பா" என்றேன். பிறகு, சொல்லவே வாய் கூசுகிறது, லாரிக்காரர்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட வார்த்தையை அவர் முதுகைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். முதுகு அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா எங்கிருந்தோ வந்து என் வாயைப் பொத்தி சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. நாலு வருசத்துக்கு முன்னால உங்கப்பாவுக்கு ஜொரம் கண்டு கெடந்தாரே, அதோட போச்சு. முன்னாலயே தறிச் சத்தத்துல பாதி போயிருந்துச்சு."

"நல்லாப் பேசறாரே? பதில் சொல்றாரே?"

"வாயப் பாத்துத்தான். தறி ஓடறப்ப எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசறீங்க, அவருக்குத் தெரியுது. கரண்டு போனா நீங்க பாட்டுக்கு அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பிக்கிட்டுப் பேசறீங்க. அவரு என்ன பண்ணுவாரு?"

இப்போது யோசித்துப் பாருங்கள். எங்களுக்கெல்லாம் காது வந்த நேரத்தில் அவருக்குக் காது போனது. ஊரே தலைக்கனம் என்று சொன்னது. உறவெல்லாம் வாயாடி என்று சொன்ன என் அம்மா, நாலு வருஷமாக அவருக்கு முன்னால் ஓடி ஓடி நின்று, ஒவ்வொரு கேள்வியையும் உதட்டில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்காக அவளைக் கும்பிடலாம். ஆனால் நான் அன்றைக்கு அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"அப்ப, அக்கா வேண்டாம்னு சொன்னது அப்பாவுக்குக் கேக்கலியா?"

அம்மா தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினாள்.

"உனக்குக் கேட்டுச்சே. நீ அங்கதான கூட்டிக்கிட்டு இருந்த. நீ எடுத்துச் சொல்லலியா?"

"காது கேக்காதவன் பொண்ணுன்னு நாளைக்கு வெளிய தெரிஞ்சா எவன்டி இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பான்? பொறக்கறதுக்கும் வருமான்னு கேப்பான். தெரியறதுக்கு முன்னால அவளுக்கு ஒரு வழி ஆயிரட்டும். நீ வாயத் தொறந்தீன்னா..." என்று தொடங்கியவள் முடிக்காமல் தலைப்பை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். முழுதாக ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் என்ன சொன்னாளோ, சொன்னாளா அழுதாளா, எனக்குத் தெரியாது.

இத்தனை வயசாகியும் அம்மாமேல் எனக்கிருக்கும் கோபம் முழுதாக ஆறவில்லை. அவள் பயம் நியாயமான பயம் என்று தெரிந்தும் ஆறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெற்றிலைபாக்கு மாற்றுகிற நாள் வரைக்கும் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. சொல்லலாமா என்று அக்கா பின்னாலேயே போவேன். அம்மா ஒரு பார்வை பார்ப்பாள், திரும்பி வருவேன். இரண்டு பிடி சோறு இறங்காது. அக்காவிடம் வளையலைத் திருப்பிக் கொடுத்தேன். "வேண்டாம், வெச்சுக்க" என்றாள். அதைக் கழற்றிக் கழற்றிப் போட்டதில் ஒன்று அறுந்துபோனது.

அவர்கள் காலை பதினொரு மணிக்கு வந்தார்கள். ஏழெட்டுப் பேர். கரண்ட் இல்லாத நேரமாகப் பார்த்து அத்தைதான் சொல்லி வைத்திருந்தாள், தறிச் சத்தத்தில் நல்ல காரியம் பேச முடியாதாம். புதுப்பாயில் மாப்பிள்ளையின் பெரியப்பா நடுவில் உட்கார்ந்தார். எதிரே அப்பா. அவருக்குப் பக்கத்தில், தாம்பாளத்தைச் சரிசெய்கிற மாதிரி, அம்மா. அவர்கள் பக்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மழையைப் பற்றி, கிணற்றைப் பற்றி. அப்பாவின் கண் ஒவ்வொரு முகமாக ஓடியது. நெற்றியில் வியர்வை. அம்மா முடிந்தவரை எடுத்துக் கொடுத்தாள்.

அக்கா அறைக்குள் பட்டுச்சேலையில் நின்றாள். கையில் காப்பித் தட்டு. நான் எதிரே போய் நின்றேன். ரகசியமாகச் சொல்லலாம் என்று பார்த்தால், உங்களுக்குத்தான் தெரியுமே, எனக்கு ரகசியம் பேச வராது. வாயைத் திறந்தால் நாமக்கல் வரைக்கும் கேட்கும். ஆகவே உதட்டை மட்டும் அசைத்தேன்.

"அப்பாவுக்குக் காது கேக்காது. நெசமா. ஜொரத்துல போச்சு. நீ சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது. முன்னால போய் நின்னு சொல்லு."

அக்கா என் உதட்டையே பார்த்தாள். இன்னொரு தரம் சொல் என்று சைகை காட்டினாள். சொன்னேன்.  எனக்கு ஐந்து நிமிடம் ஆனதுபோல் இருந்தது, உண்மையில் இரண்டு மூச்சுத்தான் ஆகியிருக்கும். வெளியே நடந்தாள்.

கூடத்தில் பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்களுக்குப் பூரண சம்மதமுங்க. நீங்க உங்க வாயால ஒரு வார்த்த சொல்லிப்போட்டீங்கன்னா மாத்திக்கலாமுங்க" என்றார். அம்மா அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டாள். அதற்குள் அக்கா முதல் காப்பியை அப்பாவுக்குத்தான் நீட்டினாள். விருந்தாளிக்கு முன்னால் தகப்பனுக்குக் கொடுக்கிறாளே என்று அத்தை முகம் சுளித்தாள். அக்கா முட்டி போட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் சொன்னாள். நான் கதவோரம் நின்றதால் எனக்குத் தெரிந்தது.

"எனக்கு வேண்டாமுங்கப்பா. அன்னைக்கே சொன்னேன். நீங்க தலையாட்டுனீங்க."

கூடத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பெண் சர்க்கரை போதுமா என்று கேட்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அப்பா காப்பியைக் கீழே வைத்தார். அக்காவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தாம்பாளத்துக்குள் குனிந்துகொண்டாள். அப்பா எழுந்து நின்று கைகூப்பினார்.

"மன்னிச்சுக்கோணுமுங்க. எனக்குக் காது கேக்காதுங்க. நாலு வருசமாச்சு, யாருகிட்டயும் சொன்னதில்ல. எம்பொண்ணு இந்தக் கல்யாணம் வேண்டாம்னு எங்கிட்டச் சொல்லியிருக்கறா. எனக்குக் கேக்கலீங்க. கேக்காமயே உங்கள வரச்சொல்லிப்போட்டேன்."

அவர் குரல் எப்போதும்போல் தறிக்கு மேல் கேட்கிற குரல். தெரு முழுக்கக் கேட்டது. நாலு வருஷமாக மறைத்தது ஒரு நிமிடத்தில் எதிர்வீடு, தயிர்க்காரர், டீக்கடை எல்லாவற்றுக்கும் போய்விட்டது. அத்தைக்கு வெற்றிலை புரையேறியது. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக, "அப்ப பொண்ணுக்கு...?" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அந்த ஒரு சைகை அப்பாவுக்கு நன்றாகவே புரிந்தது. 

அவர்கள் எழுந்தார்கள். ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. பெரியப்பா வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்ல குடும்பம்னு சொல்லித்தான் கூட்டியாந்தாங்க" என்றார். அப்பா பழக்க தோஷத்தில் அதற்கும் தலையாட்டினார். சிரிக்க வேண்டிய இடம்தான். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

அத்தை எல்லாரையும் திட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நாங்கள் நால்வர்தான் கூடத்தில். அப்பா அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இவ சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"எங்கிட்டச் சொல்லல."

அம்மா தலைப்பை வாய்க்கு நேராகத் தூக்கிக்கொண்டு என்னவோ சொன்னாள். அப்பா கையை நீட்டி, அந்தத் தலைப்பை மெல்லக் கீழே இறக்கினார்.

"மூடிட்டுப் பேசாத. உன்ற வாயத்தான் நான் நம்பிக்கிட்டு இருக்கறேன்."

"பயமா இருந்துச்சுங்க" என்றாள் அம்மா. வாயாடி என்று பெயர் வாங்கியவளுக்கு அதற்குமேல் வரவில்லை.

அப்பா தலைப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டுத் தன் முன்னால் உட்காரச் சொன்னார். என்னையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"நாலு வருசமா நீங்க என்னென்னமோ சொல்லியிருப்பீங்க, நானும் தலையாட்டியிருப்பேன். எது கேக்கலைன்னு எனக்கே தெரியாது சாமி. ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

அக்கா ஆரம்பித்தாள். ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைக்குப் பரிசு வாங்கியதைச் சொன்னாள். பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து முட்டி பெயர்ந்ததைச் சொன்னாள். ராகிமாவு டின்னுக்கு அடியில் இருக்கும் விண்ணப்பத்தைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அப்பா, "இது எனக்குத் தெரியாது" என்றார். நான் சினிமாவைச் சொன்னேன். கெட்ட வார்த்தையைக்கூடச் சொல்லிவிட்டேன், எதுவென்று அவர் உதட்டைக் கூர்ந்து பார்த்துப் புரிந்துகொண்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்து நான்கு தறியும் பிடித்துக்கொண்டன. சத்தத்தால் அவருக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை, அவர் அக்காவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எழுந்து போய் மெயினை இறக்கிவிட்டு வந்தார். சுவரோரம் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் இதெல்லாம் கேட்க வேண்டும் என்றுதான் அவர் நிறுத்தியிருக்க வேண்டும்.